சம்மாட்டி லூசி

நடுவர் அவர்களுக்கும் தங்கச்சிமடத்து மக்களுக்கும் வணக்கம். மற்ற வணக்கமெல்லாம் முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் பாலின் பெருமை நடிப்பிலா, தயாரிப்பிலா என்பது தலைப்பு. நடிப்புதான் என்ற எதிரணி அண்ணன், 'ஐ லவ் லூசி' தொடரின் சாக்லேட் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். பாதிதான் சொன்னார், மீதியையும் கேளுங்கள்.

1952-ல் வந்த காட்சி. லூசியும் தோழி எத்தலும் சாக்லேட் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறார்கள். பெல்ட்டில் வருவதைக் காகிதம் சுற்றி அனுப்ப வேண்டும். ஒன்று சுற்றாமல் போனாலும் வேலை போச்சு என்று மேற்பார்வை அம்மா மிரட்டிவிட்டுப் போகிறார். முதலில் மெதுவாக வருகிறது. நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிற அக்காமார் கவனியுங்கள், 'ப்பூ, இவ்வளவுதானா' என்று ரெண்டு பேருக்கும் ஒரு தெனாவட்டு. அப்புறம் பெல்ட் வேகம் எடுக்கிறது. சுற்ற முடியாமல் ஒன்றை வாயில் போடுகிறார் லூசி. இன்னொன்று. இன்னொன்று. கன்னம் உப்பிவிட்டது, இன்னும் வருகிறது. தொப்பிக்குள் திணிக்கிறார். அதுவும் நிறைந்து, சட்டைக்குள் கொட்டுகிறார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா உள்ளே வருகிறார். பெல்ட் காலி. வாயைத் திறக்க முடியாமல் ரெண்டு பேரும் முழிக்கிறார்கள். அந்த அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். உள்ளே பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? இன்னும் வேகமா ஓட்டுப்பா!

சிரித்தாச்சா? சரி, 1952-ல் நடித்தது இன்று நம்ம செல்போனுக்கு எப்படி வந்தது? அன்றைக்கு நேரடி ஒளிபரப்புதான் வழக்கம், தூரத்து ஊர்களுக்குத் திரையைப் படம் பிடித்த மங்கல் நகல்தான் போகும். தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி இவர்களையும் நியூயார்க்கில் வந்து நடிக்கச் சொன்னது. லூசியும் கணவர் டெஸி ஆர்னாஸும் மாட்டோம் என்றார்கள். ஹாலிவுட்டில், ஜனங்களை எதிரே உட்கார வைத்து, மூன்று கேமரா, 35 மி.மீ. ஃபிலிம். செலவுக்கு? சம்பளத்தில் வாரம் 1,000 டாலர் குறைத்துக்கொள்கிறோம், ஆனால் ஃபிலிம் எங்களுக்குச் சொந்தம். பார்த்த நாடகத்தை மறுபடி எவன் பார்ப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ, சிபிஎஸ்காரர்கள் தலையாட்டிவிட்டார்கள். அந்தச் சுருள்களைப் பிறகு சிபிஎஸ்ஸுக்கே விற்று, 1930-களில் லூசி சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டூடியோவையே 1957-ல் வாங்கினார்கள். வெறும் நடிகையாக இருந்திருந்தால் அண்ணனுக்கு இன்றைக்குச் சாக்லேட்டே கிடையாது!

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். "படகு முதலாளி சம்மாட்டி கரையில் குடை பிடித்து நிற்பார், கடலுக்குப் போகிறவன்தான் மீனவன், லூசியும் சம்மாட்டி ஆனதும் கரையேறிவிட்டார்" என்று. முன்வரிசையில் இருக்கிற சம்மாட்டிமார் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வாரா? டீசல் கடன் யார் பேரில்? இலங்கைக்காரன் பிடித்தால் ஆள் எப்படியோ திரும்பி வருகிறான், படகு வருகிறதா? அன்றைக்கு யாருக்குத் தூக்கம் போகிறது? அது கிடக்கட்டும். 1960-ல் லூசிக்கு விவாகரத்து. 1962-ல் ரெண்டு பேரும் சேர்ந்து நடத்திய டெஸிலு தயாரிப்புக் கம்பெனியில் கணவர் பங்கையும் விலைக்கு வாங்கித் தலைவரானார். கரையேறினாரா? அதே வருஷம் 'த லூசி ஷோ' ஆரம்பித்து 1968 வரை அதிலும் நடித்தார். டெஸிலு எடுத்த 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரின் முதல் சோதனைப் படத்தை என்பிசி தொலைக்காட்சி திருப்பி அனுப்பியது, கம்பெனிக்குள்ளேயே செலவு தாங்காது என்றார்கள். இந்த அம்மா பின்வாங்கவில்லை, 1966-ல் தொடர் வந்தது. இவர் கடலுக்கும் போன சம்மாட்டி!

மணி அடிக்காதீர்கள் நடுவர் அவர்களே, முடிக்கிறேன். கடல்பாசி எடுக்க முங்குகிற அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். எங்க ஆத்தாவும் முங்கினவள்தான். பாறை கிழிக்காமல் இருக்க விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு போவாள், அப்படியும் கிழிக்கும். மூட்டை கரைக்கு வந்தால் எடை போடுவது வியாபாரி, விலை சொல்வதும் வியாபாரி. ஒருநாள் இந்த விலைக்குத் தரமாட்டேன் என்று மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். உலை வைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் தெருவில் நடந்து வந்த நடை இருக்கிறதே... மறுநாள் அதே வியாபாரியிடம், அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

என் பொருள், நான்தான் விலை சொல்வேன் என்று அமெரிக்காவில் ஒருத்தி சொன்னாள், ஜெயித்தாள். அவள் சாக்லேட்டை மென்றது மட்டும்தான் பெருமை என்று எங்க ஆத்தா முன்னால் தீர்ப்பு சொல்ல முடியுமென்றால் சொல்லுங்கள், நான் உட்காருகிறேன்.