சட்ட உதவி நிறுவனத்துக்குப் புதிய அறங்காவலர்: வக்கீல் மட்டும் போதுமா?

(திரையில்: நீள மேசை, எட்டு நாற்காலிகள். மூன்று காலி.)

இலவசச் சட்ட உதவி தரும் ஒரு தொண்டு நிறுவனம். போர்டில் மூன்று பேரின் பதவிக்காலம் முடிகிறது. "நமக்குத் தெரிந்த நல்ல வக்கீல்கள் மூன்று பேரைக் கேட்டுப் பார்க்கலாமே" என்கிறார் ஒருவர். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

இதில் சொல்லப்போவது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டமும் தனி, கண்காணிக்கும் அமைப்பும் தனி.

சரி, அறங்காவலர் என்றால் யார்? நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பொதுவாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்து நடத்துகிறவர். 2011 சாரிட்டீஸ் சட்டத்தின் 177ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். டைரக்டர், கமிட்டி மெம்பர் என்று என்ன பெயர் வைத்தாலும், செய்யும் வேலைதான் கணக்கு. பொதுவாகச் சம்பளம் கிடையாது. வந்து போன செலவை வாங்கிக்கொள்ளலாம்.

(திரையில்: போர்டு கூட்டம். ஒருவர் கையில் காலாண்டு அறிக்கை.)

இந்தக் காட்சியைப் பாருங்கள். வீட்டு வாடகை வழக்குகள் பற்றிய அறிக்கை மேசைக்கு வருகிறது. புதிதாகச் சேர்ந்த அறங்காவலர் இருபது வருட அனுபவமுள்ள சாலிசிட்டர், அதாவது வக்கீல். கை சும்மா இருக்குமா? "இதில் எதிர்த்தரப்பு யார்? அந்த ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்கிறார். உதவி செய்யும் எண்ணம்தான். ஆனால் தலைவர் அந்த இடத்திலேயே "முடியாது" என்று சொல்லியாக வேண்டும். உதவி கேட்டு வந்தவர் தன் ரகசியத்தைத் தன் வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் சொன்னார், போர்டிடம் சொல்லவில்லை. அந்த எதிர்த்தரப்பு வீட்டுக்காரர் இந்தச் சாலிசிட்டருடைய ஃபர்மின் கட்சிக்காரராகவே இருந்துவிட்டால்? வழக்கே சிக்கலாகிவிடும்.

அதனால் இந்தக் கேள்வியை நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும். உங்கள் ஃபர்ம் யாருக்காக ஆஜராகிறது? வீட்டுக்காரர்களுக்கா, உள்ளூராட்சி கவுன்சிலுக்கா, முதலாளிகளுக்கா? பதிலை நலன் பதிவேட்டில், அதாவது அறங்காவலர்களின் வெளித் தொடர்புகளைக் குறித்து வைக்கும் ஏட்டில் எழுதுங்கள். சம்பந்தப்பட்ட விஷயம் வரும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும், போனார் என்று கூட்டக் குறிப்பிலும் ஏற வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் பாதி நேரம் வெளியே நிற்கப்போகிறவர் என்றால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அப்புறம், வக்கீல் அறங்காவலர் நிறுவனத்தின் இலவச வக்கீல் அல்ல. நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் அதற்கென்று ஒருவரைத் தனியாகப் பிடிப்பதே நல்லது.

சரி, வேறு யாரைத்தான் எடுப்பது? முதல் தேவை, கணக்கு படிக்கத் தெரிந்தவர். 2013 ஏப்ரல் 1 முதல் கடன், அரசு உதவித்தொகை, வேலை தொடர்பான பெரும்பாலான பிரச்சினைகள் அரசு சட்ட உதவித் திட்டத்துக்கு வெளியே போய்விட்டன. கதவைத் தட்டுகிறவர்கள் குறையவில்லை. பணம் வருவது நன்கொடையிலிருந்தும் மானியத்திலிருந்தும், அதுவும் தாமதமாக. அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு போதுமா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை.

அடுத்து, இதே கதவைத் தட்டியவர் ஒருவர். வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்க வைத்தார்கள், படிவம் ஏன் புரியவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரைத் தேடிப் போனால்தான் கிடைப்பார். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அறங்காவலர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள், சராசரி வயது 61 என்று தெரிந்தது. தெரிந்தவர் வழியாகவே ஆள் எடுத்தால் தெரிந்தவர் மாதிரியே இன்னொருவர்தான் வருவார். விளம்பரம் கொடுங்கள்.

(திரையில்: ஒரு படிவம். ஒரு கட்டத்தில் மட்டும் சிவப்பு வட்டம்.)

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கடன் பிரச்சினைக்கு உதவும் நிறுவனம், அந்த வேதனையை அனுபவித்தவரைச் சேர்க்க நினைக்கிறது. அவரோ திவாலாகி, இன்னும் விடுபடாதவர் என்றால் அறங்காவலர் ஆக முடியாது. வழக்கமாக 12 மாதத்தில் விடுதலை கிடைக்கும், காத்திருக்கலாம். நேர்மையின்மை தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்று, சட்டப்படி அது கணக்கில் எடுக்கப்படும் காலம் இன்னும் முடியாதவருக்கும் தடை உண்டு. 2018 ஆகஸ்ட் 1 முதல் இந்தத் தடைப் பட்டியல் நீண்டிருக்கிறது. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கு இது பெரிய அடி. தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் விலக்கு கைக்கு வந்த பிறகே நியமிக்க வேண்டும்.

இனி காகித வேலை. நிறுவனத்தின் சொந்த விதிகளை முதலில் எடுத்துப் படியுங்கள். நியமிப்பது போர்டா, ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களா? அதிகபட்சம் எத்தனை பேர்? மீதி இருப்பவர்கள் கோரத்துக்கு (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கைக்கு) கீழே போய்விட்டால், புதியவரை நியமிப்பதைத் தவிர வேறு எதையும் முடிவு செய்யக்கூடாது என்று பல விதிகளில் இருக்கும். மூன்று பேரும் ஒரே நாளில் விலகுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

புதியவரிடம் தகுதி உறுதிமொழியில் கையெழுத்து வாங்குங்கள். திவால் பதிவேட்டையும் தடை செய்யப்பட்ட டைரக்டர் பட்டியலையும் நீங்களே தேடிப் பாருங்கள், இணையத்தில் இலவசம். நிறுவனம் கம்பெனியாகப் பதிவானது என்றால் 14 நாளுக்குள் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 18 முதல் புது டைரக்டரின் அடையாளச் சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். சாரிட்டி கமிஷன் பதிவேட்டிலும் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒரு யோசனை. கையெழுத்துக்கு முன்னால் கடைசி ஆண்டுக் கணக்கைக் கையில் கொடுத்து, ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்கார வையுங்கள். பணப் பற்றாக்குறை பேசப்படும் கூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே வந்து "எனக்கு இது சரிப்படாது" என்று அவர் சொன்னால், நன்றி சொல்லி அனுப்பிவிட்டு விளம்பரத்தை மறுபடி போடுங்கள்.