63.5 நிறையுள்ள செம்பு அணு எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் ரேடியோ பக்கம் கூப்பிடுங்கள், அவர்களை நினைத்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த செம்பு அண்டாக்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும், புளி போட்டு விளக்கினால் செக்கச்செவேலென்று வந்துவிடும். பாடப் புத்தகம் செம்பின் அணு நிறை 63.5 என்கிறது. சரி, அந்த அண்டா முழுக்கத் தேடினாலும் 63.5 நிறையுள்ள ஒரே ஒரு அணுகூடக் கிடைக்காது! பிள்ளைகள் முழு எண்ணாக்கி 64 என்று எழுதுகிறார்களே, அதுவும் இயற்கைச் செம்பில் இல்லை.

இருப்பது இரண்டே வகை, 63, 65. இரண்டிலும் புரோட்டான் 29, அதனால்தான் இரண்டும் செம்பு. நியூட்ரான் மட்டும் ஒன்றில் 34, இன்னொன்றில் 36. இவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். வேதிவினை என்பது எலக்ட்ரான்களின் வேலை, அது இரண்டிலும் ஒன்றுபோலவே இருப்பதால் களிம்பு பிடிப்பதிலும் புளிக்கு விலகுவதிலும் வித்தியாசமே தெரியாது.

நூறு அணுவை எடுத்தால் ஏறக்குறைய 69 அணு முதல் வகை, 31 அணு இரண்டாவது வகை. பல பிள்ளைகள் 63-ஐயும் 65-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறார்கள், எது எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். 69-ஐ 63-ஆல் பெருக்குங்கள், 4347. 31-ஐ 65-ஆல் பெருக்குங்கள், 2015. கூட்டி நூறால் வகுத்தால் 63.62. அட்டவணையில் 63.546 என்று இருக்கிறதே என்று கேட்கிற பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கார்பன்-12 அணுவின் பன்னிரண்டில் ஒரு பங்கை 1 என்று வைத்து அளந்தால் இந்த இரண்டு அணுக்களின் நிறையும் முழு எண்ணாக வராது, 62.93, 64.93 என்றுதான் வரும். அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் சரியாகிவிடும்.

இந்தப் புள்ளி எண்கள் விஞ்ஞானிகளையே நூறு வருஷம் படுத்தியிருக்கின்றன. எல்லா அணு நிறையும் ஹைட்ரஜனின் முழு மடங்குதான் என்று 1815-இல் வில்லியம் பிரவுட் சொன்னார், குளோரினின் 35.5 அதற்கு அடங்கவே இல்லை. 1913-இல் ஃபிரெடரிக் சாடி ஐசோடோப்பு என்று பெயர் வைத்தார், 1919-இல் ஆஸ்டன் கேம்பிரிட்ஜில் நிறைமாலைக் கருவியைக் கட்டி அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டினார், அப்புறம்தான் குளோரின் என்பது 35-உம் 37-உம் கலந்த கலவை, கிட்டத்தட்ட முக்கால் பங்குக்குக் கால் பங்கு என்று தெரிந்தது.

கலவைதானே, எல்லா இடத்திலும் ஒரே விகிதமா? இல்லை. நம்ம காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், பேட்டரிக்காக ஆராய்கிறார்களே லித்தியம், அதில் 6, 7 என்று இரண்டு வகை. அணுசக்தி வேலைக்காக 6-ஐப் பிரித்தெடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சந்தையில் விற்றதால், கடையில் வாங்கும் லித்தியத்தின் நிறை 6.94-இலிருந்து 6.99 வரைகூட மாறுகிறது. துல்லியம் தேவைப்படுகிற ஆய்வில் அட்டவணையை மட்டும் நம்ப முடியாது, கையில் இருக்கும் பாட்டிலில் எந்த விகிதம் என்று அளந்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.