மைனஸ் போடாத உந்தம்

(தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உங்க அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். உந்தம் என்றால் என்ன என்று கேட்டால் "நிறை பெருக்கல் திசைவேகம்" என்று தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். அதில் திசை என்று ஒரு சொல் இருக்கிறதே, அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அதற்கு ஆய்வுக்கூடம் தேடிப் போக வேண்டாம், கேரம் போர்டு போதும். கேரமில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டை. நம்ம பக்கம் தெருவுக்கு ஒரு போர்டு கிடக்கும். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. காய் ஒன்று 5 கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். கணக்குக்காக 15, 5 என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது ஆட்டத்தைத் தலைகீழாக ஆடுவோம். ஸ்ட்ரைக்கரை நடுவில் வைத்துவிட்டு, காயை அதன்மேல் நேராகச் சுண்டுங்கள். காய் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது. உந்தம், 5 பெருக்கல் 2, பத்து. மோதியதும் காய் 1 மீட்டர் வேகத்தில் திரும்பி ஓடிவரும். ஸ்ட்ரைக்கர் 1 மீட்டர் வேகத்தில் முன்னே போகும். ஸ்ட்ரைக்கரின் உந்தம் மட்டும் 15. வந்ததே பத்துதான், போவது எப்படிப் பதினைந்து? காயிடம் இருக்கும் ஐந்தையும் கூட்டினால் இருபது ஆகிவிடுகிறது!

கூட்டியதுதான் பிசகு. காய் திரும்பி வருகிறது, அதனால் அதன் உந்தம் மைனஸ் 5. பதினைந்தில் ஐந்து போனால் பத்து. வந்தது பத்து, இருப்பதும் பத்து.

இதில் சறுக்கியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த்தே. 1644-இல் வெளிவந்த நூலில் அவர் இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்றார். நல்ல யோசனை. ஆனால் திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால், சும்மா இருக்கும் பெரிய பொருளைச் சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக வந்து இடித்தாலும் நகர்த்த முடியாது என்றுகூட ஒரு விதி எழுதிவைத்தார். கேரம் போர்டு பக்கம் வந்திருந்தால் நம்ம பசங்களே திருத்தியிருப்பார்கள். பிறகு டச்சு அறிவியலாளர் ஹாய்கன்ஸ் திசையையும் சேர்த்து மோதல் கணக்கைச் சரிசெய்தார். 1687-இல் நியூட்டன் எழுதிய இரண்டாம் விதி, உந்தம் மாறும் வீதத்தைத்தான் விசையோடு முடிச்சுப் போடுகிறது.

சரி, ஆட்டத்தை நேராகவே ஆடுவோம். ஸ்ட்ரைக்கர் 2 மீட்டர் வேகத்தில் காயை நடுவில் அடிக்கிறது. உந்தம் 30. மோதிய பிறகு ஸ்ட்ரைக்கர் 1 மீட்டர் வேகத்தில் காயின் பின்னாலேயே போகும், காய் 3 மீட்டர் வேகத்தில் பறக்கும். ஆளுக்குப் பதினைந்து. அடித்த வேகத்தைவிட அடிவாங்கியதன் வேகம் அதிகம்! நேர் அடியில் காய் விழுந்த குழியிலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழுந்து நம்மைக் கடுப்பேற்றுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? காய் கனத்திலேயே ஸ்ட்ரைக்கரும் இருந்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும். (இதெல்லாம் ஆற்றல் வீணாகாத மோதலுக்கு. நிஜத்தில் 'டக்' என்று சத்தம் கேட்கிறதே, அதிலும் கொஞ்சம் போகும். அப்போதும் உந்தக் கணக்கு மட்டும் மோதும் நேரத்தில் பிசகாது.)

காயை ஓரத்தில் உரசி 'கட்' அடிக்கும்போதும் இதே சங்கதிதான். காய் இடப்பக்கம் ஒதுங்கினால் ஸ்ட்ரைக்கர் வலப்பக்கம் ஒதுங்கியே தீர வேண்டும். அடிக்கும் முன் பக்கவாட்டில் உந்தம் சுழி. அடித்த பிறகும் இரண்டு பக்கமும் கழிந்து சுழி.

ஓடிய காய் கடைசியில் நின்றுவிடுகிறதே, அந்த உந்தம் எங்கே போச்சு? உராய்வு வழியாகப் போர்டுக்கு, போர்டிலிருந்து தரைக்கு. பவுடர் போட்டால் அந்த உராய்வு குறைகிறது, நிற்க நேரமாகிறது. அதே உந்தத்தை நிறுத்த, நேரம் கூடினால் விசை குறைவு, நேரம் குறைந்தால் விசை அதிகம்.

இதை எண்ணூர் விரைவுச் சாலையில் வைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி, சரக்கோடு 40 டன் என்று வைப்போம். மணிக்கு 18 கிலோமீட்டரில் ஊர்கிறது. விநாடிக்கு 5 மீட்டர். உந்தம் இரண்டு லட்சம் கிலோகிராம் மீட்டர்/விநாடி. ஆளோடு சேர்த்து 200 கிலோ பைக், 72 கிலோமீட்டரில் பறந்தாலும் நாலாயிரம்தான். ஊர்கிற லாரியில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த லாரியை 4 விநாடியில் ஒரே சீராக நிறுத்த ஐம்பதாயிரம் நியூட்டன் விசை வேண்டும், அதற்குள் வண்டி 10 மீட்டர் ஓடியிருக்கும். 2 விநாடியில் நிறுத்தச் சொன்னால் ஒரு லட்சம் நியூட்டன், அப்போதும் 5 மீட்டர். மெதுவாத்தானே வர்றான் என்று லாரிக்கு முன்னால் இருக்கும் மூன்று மீட்டர் சந்தில் பைக்கை நுழைக்கிற அண்ணன்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.