படத்தில் ஓடிய பணமும் மண்ணில் நின்ற பணமும்

வணக்கம் மக்களே. வடபழனி ஆற்காடு சாலையில் நின்று பேசுகிறேன், வண்டிச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னாடி தெரிகிற இந்த மால் நிற்கிற மண் ஒரு காலத்தில் விஜயா வாஹினி ஸ்டுடியோ. ஆசியாவிலேயே பெரிய ஸ்டுடியோ என்று அந்தக் காலத்தில் பெயர் வாங்கியது.

இந்த ஸ்டுடியோவின் முதலாளி, தயாரிப்பாளர் பி. நாகி ரெட்டி, 1912-ல் கடப்பா பக்கம் பிறந்தவர். அச்சகம் நடத்தினார், 1947-ல் தன் கூட்டாளி சக்கரபாணியோடு சேர்ந்து சந்தமாமா என்ற சிறுவர் பத்திரிகையைக் கொண்டுவந்தார், நமக்கு அது அம்புலிமாமா. மிஸ்ஸியம்மா, மாயாபஜார், எங்க வீட்டுப் பிள்ளை எல்லாம் அவர் தயாரிப்புதான். ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்தது அவருடைய நிலத்தைப் பற்றி. படம் ஓடினால் பணம் வரும், அடுத்த படத்தில் போகும். ஸ்டுடியோ அப்படியில்லை, தளம் காலியாகக் கிடந்தாலும் அடியில் மண் இருக்கிறது. 1970-களுக்கு அப்புறம் படப்பிடிப்பு வெளியூருக்கும் கிராமத்துக்கும் நகர்ந்தபோது கோடம்பாக்கம், வடபழனி ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் அடுக்குமாடியாகவும் மாறின. நாகி ரெட்டி அதற்கு முன்னாலேயே, 1972-லேயே, இங்கே விஜயா ஆஸ்பத்திரியைத் தொடங்கிவிட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருவது இங்கேதான். மால் வந்தது 2013-ல், அவர் மறைந்து ஒன்பது வருடம் கழித்து.

சரி, இப்போது இன்னொரு பக்கம். சினிமா தயாரிப்பாளர் ஒருவர் வீடு கட்டி விற்க வந்தால் என்ன கொண்டுவருவார்? பணம் புரட்டத் தெரியும், நூறு பேரை வேலை வாங்கத் தெரியும், விளம்பரம் கை வந்த கலை. கூடவே ஒரு பழக்கமும் வரும், அதுதான் எனக்குப் பயம். சினிமாவில் புதுப் படத்துக்கு விநியோகஸ்தர் கொடுத்த அட்வான்ஸை எடுத்துப் பழைய படத்தின் வட்டியை அடைப்பார்கள், ரொட்டேஷன் என்பார்கள். கடன் கொடுத்த ஃபைனான்சியர் அது தீரும்வரை லேபில் நெகட்டிவை, அதாவது பிரிண்ட் போட உதவும் மூலப் படச்சுருளை, பிடித்து வைத்துக்கொள்வார், அதனால் அவர் பிழைத்துக்கொள்வார். வீடு வாங்க வந்தவர் கையில் என்ன நெகட்டிவ் இருக்கிறது? அவர் அட்வான்ஸ் வேறொரு சைட்டுக்குப் போய்விட்டால் இவர் வீடு தூணோடு நிற்கும், வாடகையும் கடன் தவணையும் சேர்த்துக் கட்டுகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

வீடு கட்டி விற்பவர்களைக் கட்டுப்படுத்த வந்த 2016 ரேரா சட்டம் கை வைத்தது சரியாக இந்த இடத்தில். வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும், நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும்தான் எடுக்கலாம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. முன்னே யார் நின்றாலும், எவ்வளவு பெரிய சினிமாக்காரர் என்றாலும், ரேரா பதிவு எண்ணைக் கேளுங்கள், தமிழ்நாடு ரேரா தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், அப்புறம் செக் எழுதுங்கள்.

வெயில் ஏறுகிறது. ஆஸ்பத்திரி இதே வளாகத்துப் பக்கம்தான், கேமராவை எடுத்துக்கொண்டு நடக்கிறேன், கூட வாங்க.