பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவரே, முதலில் நீங்கள் போங்கள்!

வணக்கம் மக்களே! இன்றைக்கு டயர் வீடியோ வருவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நேற்று ராத்திரி விழுப்புரம் போகும்போது நடந்ததைக் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மேல்மருவத்தூர் தாண்டியதும் பின்னால் ஒரு பெரிய எஸ்யூவி வந்தது. ஹைபீம், ஹாரன், மறுபடி ஹைபீம். என் டிக்கியைத் திறந்தால் அவர் பானெட்டில் இடிக்கும் போல அவ்வளவு நெருக்கம். வேகம் 90. அந்த வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடும். என் பிரேக் லைட் கண்ணில் பட்டு அவர் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடியாவது ஆகும். அவர் விட்டிருந்ததோ ஐந்து மீட்டர்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். ‘நீ ஏன் வலது தடத்தில் போனாய்’ என்று யாராவது கிளம்புவீர்கள். இடது பக்கம் வரிசையாக லாரிகள், அவற்றை முந்திக்கொண்டிருந்தேன். வேலையில்லாமல் வலது தடத்தில் உருட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்படி எரியும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

சரி, நான் வேகத்தைக் கூட்டவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்து, முன்னால் போன காருக்கும் எனக்கும் இடைவெளியை அதிகமாக்கினேன். முன்கார் ஒரு பலகையைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குவேன். நான் அதே பலகைக்கு வர வழக்கமாக இரண்டு, மூன்று நொடி. இவர் மாதிரி ஆள் ஒட்டினால் நான்கு. முன்னால் அவ்வளவு இடம் இருந்தால் சடன் பிரேக் போட வேண்டியிருக்காது, அவருக்கும் சேர்த்து நான் மெதுவாக நிற்கலாம். பிரேக்கை ஒரு தட்டுத் தட்டிப் பயம் காட்டச் சொல்லும் வீரர்களே, அவர் இடித்தால் நொறுங்கப்போவது உங்கள் டிக்கி. பின் சீட்டில் என் அம்மா வேறு இருக்கிறார்.

இப்போது முக்கியமான விஷயம். உள்ளே நடுவில் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே நாக்கு மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இதோ, இதுதான். இதை ஒரு இழுப்பு இழுத்தால் ‘டக்’ என்று கண்ணாடி சாயும். கண்ணைக் குத்திய ஹைபீம் மங்கலாக இரண்டு புள்ளியாகிவிடும். அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும். சாய்த்ததும் பின்னாலுள்ள பளபளப்பான பூச்சின் பிம்பம் கூரைக்குப் போய்விடும், முன் பரப்பில் படும் கொஞ்ச வெளிச்சம் மட்டும் நம் கண்ணுக்கு வரும். காசு கிடையாது, காரோடு வந்தது! இதுவே தானாக மங்கவேண்டும் என்று சிலர் டாப் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். எனக்கு இந்த ‘டக்’ போதும். இன்னொரு முறை கேளுங்கள். டக்! சொர்க்கம்.

அச்சிறுபாக்கம் பக்கம் லாரி வரிசையில் இடம் கிடைத்தது. இன்டிகேட்டர் போட்டு இடது தடத்துக்கு வந்தேன், அவர் பறந்துவிட்டார். “போகட்டும் விடுடா, அவசரத்துக்குப் பாத்ரூமோ என்னவோ” என்றார் அம்மா. அதற்கப்புறம் எனக்குக் கோபமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

அப்படி என்னதான் மிச்சமாகும்? முப்பது கிலோமீட்டரை 100-இல் போனால் 18 நிமிடம், 80-இல் போனால் இருபத்திரண்டரை. நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 100-தான் உச்சம். நாலரை நிமிடத்துக்கு இத்தனை ஹாரன்!

பின்கேமராப் பதிவைப் போடச் சொல்லாதீர்கள். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது, மறைத்த பிறகுதான் போடுவேன். டயர் வீடியோவில் சந்திப்போம்.