கவர் இல்லாத சாயங்காலங்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

தொண்ணூறுகளில் அம்பாசமுத்திரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியை எழுதிக் கவரில் போட்டு, சாயங்காலம் திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். ஜங்ஷனில் அலுவலகப் பையன் வாங்கிக்கொள்வான். அந்த நாட்களை மறுபடி என் முன் கொண்டுவந்து நிறுத்தியது, 2014-இல் வெளிவந்த ‘கில் தி மெசஞ்சர்’ என்ற அமெரிக்கப் படம். கேரி வெப் என்ற நிருபரின் வாழ்க்கை அது. ஜெரமி ரென்னர் அவராக நடித்திருக்கிறார்.

1996 ஆகஸ்டில் ‘சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்’ நாளிதழில் வெப் ஒரு தொடர் எழுதினார். மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் இடதுசாரி அரசைக் கவிழ்க்க, அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. வளர்த்த கான்ட்ரா படைக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் கொக்கைன் விற்ற பணம் போனது என்றார். அந்தத் தெருக்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எட்டயபுரத்துப் பாரதியின் ‘இந்தியா’ வார இதழை 1908-இல் வெள்ளை அரசு நெரித்தபோது, ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அடித்தது யார் என்பது ஊரறிந்த சங்கதி. வெப்பை எந்த அரசும் கைது செய்யவில்லை. சக பத்திரிகைகளே அவர்மீது பாய்ந்தன. ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ மட்டும் 17 நிருபர்களை இறக்கியது. தங்கள் ஊர்ச் செய்தியை வெளியூர்க்காரர் எழுதிவிட்டாரே என்ற எரிச்சலும் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

தொடரில் குறை இருந்தது. ஒரு கும்பலின் வியாபாரத்தை, நாடெங்கும் பரவிய போதைக்கே ஊற்றுக்கண்போலக் காட்டியது மிகை. ஆனால் அடிப்படை பொய்யல்ல. அந்தப் பதினேழு பேரில் நான்கு பேராவது, வெப் விட்ட இடத்திலிருந்து மேலே தோண்டியிருக்கக் கூடாதா?

1997 மே மாதம் அவருடைய ஆசிரியரே தொடரைக் குறைகூறி எழுதினார். வெப்பைக் கூப்பர்டினோ என்ற சிற்றூர்க் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். உளவுத்துறையைத் துருவியவருக்கு அங்கே கிடைத்த வேலைகளில் ஒன்று, செத்துப்போன போலீஸ் குதிரையைப் பற்றி எழுதுவது. 1998-இல் சி.ஐ.ஏ.வின் சொந்த விசாரணை அறிக்கையே, போதைக் கடத்தல் புகாருக்கு ஆளானவர்களோடு அது உறவு வைத்திருந்ததை ஒப்புக்கொண்டது. அதற்குள் வெப் வேலையை விட்டிருந்தார். பெரிய நாளிதழ் எதிலும் அவருக்குப் பிறகு இடம் கிடைக்கவில்லை. 2004 டிசம்பரில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 49.

அவர் பட்டதன் முன்னால் என் கதை தூசி. தாமிரபரணியில் அனுமதித்த ஆழத்தைத் தாண்டி மணல் அள்ளுவதை எழுதினேன். செய்தியை ஒருவரும் மறுக்கவில்லை. போட்டிக் காண்ட்ராக்டரிடம் நான் காசு வாங்கிவிட்டதாகப் பேச்சு கிளம்பியது, அவ்வளவுதான். டீக்கடையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் நிருபர் நண்பர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாள் செய்தி அனுப்ப வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது.

ஆனாலும் சாயங்காலமானால் கால்கள் தாமாகவே பஸ் நிலையத்துக்குப் போய்விடும். கண்டக்டர் மட்டும் படியில் நின்றபடி தினமும் கேட்பார்: “இன்றைக்கும் கவர் இல்லையா, அண்ணாச்சி?”

வணக்கம்.