ஆறாத காற்புண்ணுக்கு அழுத்தக் கட்டு

நேயர்களுக்கு வணக்கம். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்பவர்கள் சிலருக்குக் கணுக்காலின் உட்புறத்தில், எலும்புக்குச் சற்று மேலே, தோல் கபில நிறமாகித் தடித்து, பின்னர் ஒரு சிறு கீறலே மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடுவதுண்டு. அவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இதற்கு நல்ல பூச்சு மருந்து எது?" என்பதுதான். ஆனால் கோளாறு தோலில் தொடங்கியதன்று.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை, இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய்களான நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய இரத்தம் திரும்பி இறங்காதபடி நாளங்களுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அந்த வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் கீழே தேங்கி, அழுத்தம் கூடி, நுண்குழாய்களிலிருந்து கசியும் நீரும் செங்குருதிக் கலங்களும் தோலை நலிவடையச் செய்கின்றன. கபில நிறம் அக்கலங்களிலிருந்த இரும்பு படிந்ததன் அடையாளம்.

ஆகவே முதன்மையான சிகிச்சை அழுத்தக் கட்டு. கால்விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் இந்தப் பல அடுக்குக் கட்டு, கணுக்காலில் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இரசம் (இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகு) அளவிலும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்த வேண்டும். குதிகாலை மூடாமல் விட்டால் அங்கே வீக்கம் பிதுங்கும். பயிற்சி பெற்ற தாதியர் கட்டுவதற்கும் வீட்டில் நாமே சுற்றிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அதற்கு முன் ஒரு பரிசோதனை கட்டாயம். நாடிகளில், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்களில், அடைப்பு உள்ள காலை இறுக்கினால் அதன் இரத்தவோட்டமே நின்றுவிடக்கூடும் என்பதால், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், விகிதம் 0.8க்குக் குறைந்தால் வழக்கமான இறுக்கம் ஆகாது. நீரிழிவு உள்ளவர்களில் நாடிச் சுவர் கடினமாகியிருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் வைத்தியர் கவனத்திற் கொள்வார். கட்டிய பின் விரல்கள் குளிர்ந்தாலோ நீலமானாலோ மரத்தாலோ கட்டை அவிழ்த்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் தொற்று இருந்தால் மட்டுமே வேண்டும். மஞ்சளும் களிம்பும் மாறி மாறிப் பூசுவது, என் கருத்தில், காலத்தை வீணாக்குவதே. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் பழுதான நாளத்தை அடைக்கும் சிகிச்சையைத் தாமதமின்றிச் செய்தால் புண் விரைவில் ஆறுகிறது என்பதை பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

புண் ஆறினாலும் வால்வு சீராவதில்லை. அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுமுன், படுக்கையை விட்டு எழும்போதே அணிய வேண்டும். அதன் இழுவை தளர்ந்துவிடுவதால் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கொரு முறை புதிது வாங்குவது அவசியம்.